டிக்கியில் வைத்த கல்

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான். என் மனைவியின் தம்பி, அதாவது என் மச்சினன். கிரானைட் குவாரி ஓனர். அவருடைய ரேஸ் காருக்கு எஞ்சின் வேலை பார்க்கப் பெங்களூரிலிருந்து வந்திருந்த மெக்கானிக். நாகரசம்பட்டியில் மாந்தோப்பு வைத்திருந்த அண்ணன் ஒருவர். நாட்றாம்பாளையத்துக்கு ட்ரிப் ஜீப் ஓட்டுகிறவர். ஓசூர் ஃபேக்டரி ஒன்றில் எலக்ட்ரீஷியனாக இருந்த திருநெல்வேலிக்காரர். ஆக ஏழு பேர். ஞாயிற்றுக்கிழமை என்பதால் குவாரியில் வேலைக்காரர்கள் யாரும் வரவில்லை. அந்த மட்டும் சாமி காப்பாற்றினார். என்னைக் கழித்தால் பார்த்தவர்கள் ஆறு பேர். ஆறு முகமும் இன்றைக்கும் கண்ணை மூடினால் வரிசையாக வந்து நிற்கும். மூடாவிட்டாலும் சில நாள் வரும்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஓசூரில் மெயின் ரோட்டை ஒட்டி எனக்கு ஒரு சின்ன மெக்கானிக் ஷெட் இருந்தது. நான் ஏழாவது வரைதான் படித்தேன். கணக்குப் பரீட்சைக்கு முதல் நாள் பயந்துபோய்க் கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறி, ஒரு லாரி ஷெட்டில் போய் உட்கார்ந்துவிட்டேன். அங்கேயே வேலையும் கற்றுக்கொண்டேன். பயம் மட்டும் பள்ளிக்கூடத்தோடு போகவில்லை. வீல் நட்டு முடுக்கினால் மறுபடி முடுக்குவேன். வண்டி கிளம்பிப் போன பிறகு சைக்கிளில் துரத்திப் போய் இன்னொரு தரம் முடுக்கியதும் உண்டு. கஸ்டமர்கள் இதை என் தொழில் பக்தி என்று நினைத்தார்கள். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சாயந்திரமானால் என் ஷெட்டில் ஒரே ஒரு பேச்சுத்தான். வண்டியைப் பின்சக்கரம் தள்ளுவது நல்லதா, முன்சக்கரம் இழுப்பது நல்லதா, நாலும் சேர்ந்து ஓடுவது நல்லதா? மாந்தோப்பு அண்ணனிடம் பழைய காலத்து உருண்டை மூக்குக் கார் ஒன்று இருந்தது. பின்சக்கரத்தில் ஓடுவது. அதற்குப் பெரிய கார்புரேட்டர் மாட்டி, சைலன்ஸரை அறுத்து, ஊரைக் கூட்டுகிற மாதிரி ஓட்டுவார்.

"வளைவுல ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதிச்சா பின்பக்கம் தானா திரும்பும்யா. ஸ்டேரிங்கே வேணாம். காலாலயே வண்டிய ஓட்டலாம்" என்பார்.

"ஓட்டலாம் ஓட்டலாம். போற திசைய முன்கண்ணாடியில பாக்க முடியாது, சைடு கண்ணாடியிலதான் பாக்கணும்" என்பார் ஜீப்காரர். அவர் அதிகம் பேசமாட்டார். அவருடைய ஜீப்பில் பெட்ரோல் எஞ்சின் மாற்றி வைத்திருந்தார். ராகி மூட்டையும் ஆளும் ஏற்றிக்கொண்டு மழையில் மலைக்காட்டு ரோடு ஏறுகிறவர். ஃபோர் வீல் லிவரைப் போட்டுவிட்டால் உலகத்தில் எதுவும் தன்னை நிறுத்தாது என்று நம்புகிறவர்.

"நிறுத்தாது அண்ணாச்சி, ஒத்துக்கிடுதேன்" என்பார் எலக்ட்ரீஷியன். "ஆனா நீங்க போய்ச் சேரதுக்குள்ள ராகி முளைச்சிருமே."

இந்தப் பேச்சுக்கு நடுவில்தான் குவாரி ஓனர் முன்சக்கரத்தில் ஓடுகிற சின்ன வெள்ளைக் காரை வாங்கினார். கன்னடம் பேசுகிறவர், தமிழும் தெலுங்கும் அதே வேகத்தில் பேசுவார். பெங்களூரில் நடக்கும் கார் ராலிகளைப் பார்த்துப் பார்த்து ஆசை பிடித்துப்போய், சீட்டெல்லாம் கழற்றி, உள்ளே இரும்புக் குழாயால் கூண்டு கட்டி, எஞ்சினைப் பிரித்து வேகம் கூட்டி, அந்தக் காரைப் பந்தயத்துக்குத் தயார் பண்ணினார். பெயின்ட், பிரேக், டயர் போன்ற வேலைகளை என் ஷெட்டில் விட்டார்.

அந்தக் காருக்கு அடியில் முதல் முதலாகப் படுத்துப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. எனக்குத் தெரிந்த எல்லா வண்டியிலும் நடுவில் நீளமாக ஒரு ஷாஃப்ட் போகும், பின்னால் பானை மாதிரி ஹவுஸிங் தொங்கும். இதில் எதுவுமே இல்லை. எஞ்சின், கியர், சக்கரத்தைச் சுற்றுகிற வேலை எல்லாம் முன்னால் ஒரே மூட்டையாக இருந்தது. பின்னால் இரண்டு சக்கரமும் சும்மா கூடவே உருண்டு வந்தன. வீட்டுக்குப் பின்பக்கச் சுவரே கட்டாமல் விட்டது மாதிரி இருந்தது.

அந்தக் காரை ஓட்டத்தான் ஓனர் என் மச்சினனைப் பிடித்தார். அவன் அப்போது அவருடைய குவாரியில் டிப்பர் லாரிக்கு மாற்று டிரைவர். இருபத்தி மூன்று வயது. ஒருநாள் ஷெட்டிலிருந்து குவாரிக்கு அந்தக் காரை அவன் ஓட்டிப் போனபோது ஓனர் பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறார். இறங்கியதும், "ஏய், நீ எங்கப்பா கத்துக்கிட்டே?" என்று கேட்டாராம்.

"எங்கயும் இல்லீங்க. வண்டி சொல்லுது, நான் கேக்கறேன்" என்று இவன் சொல்லியிருக்கிறான். திமிர் இல்லை, அவனுக்கு நிஜமாகவே அப்படித்தான்.

அடுத்த மாசம் பெங்களூரில் ஒரு ராலி இருந்தது. ஓனர் ஒரு ஏற்பாடு சொன்னார். வருகிற ஞாயிற்றுக்கிழமை குவாரி ரோட்டில் மூன்று வண்டியும் ஏறட்டும். மாந்தோப்பு அண்ணனை விடவும் ஜீப்பை விடவும் இவன் சீக்கிரம் ஏறினால் ராலிக்கு இவன்தான் டிரைவர். காரின் கதவில் இவன் பெயரை எழுதுவார். இல்லாவிட்டால் பெங்களூரில் பழகின டிரைவர் ஒருவனைக் கூலிக்குப் பிடிப்பார்.

மச்சினன் அன்றைக்கு என் வீட்டில்தான் சாப்பிட்டான். சோற்றைப் பிசைந்துகொண்டே, "மாமா, கதவுல பேரை இங்கிலீஷ்ல எழுதுவாங்களா, தமிழ்லயா?" என்று கேட்டான். என் மனைவி அவனுக்கு ரசம் ஊற்றிவிட்டு என்னைப் பார்த்து, "பேரெல்லாம் அப்புறம் எழுதலாம். என் தம்பி முழுசா திரும்பி வரணும். நீதான் பாத்துக்கணும், ஆமா" என்றாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அது அப்படிக் கேட்கவில்லை.

குவாரி, குருபரப்பள்ளி தாண்டி மெயின் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் மண் ரோட்டில் இருந்தது. அடிவாரத்தில் நேர் ரோடு, பிறகு வலது பக்கம் ஒரு பெரிய வளைவு, அதற்கு மேல் ஒரு கொண்டை ஊசி. அந்தக் கொண்டை ஊசியில்தான் கல் அறுக்கிற இடத்துச் சேறு எப்போதும் வழிந்து ஓடும். மாவு கரைத்த மாதிரி வெள்ளையாக வழவழவென்று இருக்கும். அதைத் தாண்டினால் மேல்மேடு. கொண்டை ஊசி பக்கம் ஒரு பாறை மேல் நின்றால் அடிவாரமும் தெரியும், மேல்மேடும் தெரியும்.

சனிக்கிழமை சாயந்திரம் மச்சினன் ஒத்திகை பார்த்தான். அந்தப் பாறை மேல் நின்று நானும் பார்த்தேன். சின்னக் கார் வலது வளைவில் சீறிக்கொண்டு வந்தது. வந்த வேகத்தில் உள்பக்கத்துப் பின்சக்கரம் தரையை விட்டுத் தூக்கியது. நாய் கம்பத்தருகே காலைத் தூக்குகிற மாதிரி ஒற்றைச் சக்கரம் காற்றில் தொங்கியது. நான் பாறையின் விளிம்பு வரை ஓடினேன். பெங்களூர் மெக்கானிக் மட்டும் கையிலிருந்த வாட்சைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்.

"சார், சக்கரம் தூக்குது சார்."

"தூக்கட்டும். அது சும்மா இருக்கிற சக்கரம்தானே? இந்த வண்டி அப்படித்தான் திரும்பும். முன்னால எஞ்சின் எடை இருக்கு பாருங்க, அதுதான் இதுக்குப் பிடி. பின்னால எடை வைக்கவே கூடாது. ஒரு ஸ்பேனர் கூட வேணாம். ஸ்டெப்னியையே கழட்டிட்டேன்."

நான் தலையாட்டினேன். நன்றாகவே ஆட்டினேன். பயந்த ஆள் தலையாட்டினால் கேட்டுக்கொண்டான் என்று அர்த்தம் இல்லை, அந்தப் பேச்சு முடியட்டும் என்றுதான் அர்த்தம். என் மனசுக்குள் லாரி ஷெட் பேச்சுத்தான் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் மழைக் காலத்தில் காலி லாரியைக் குவாரி மேட்டில் ஏற்றும்போது பின்னால் நாலு கல்லைப் போட்டுத்தான் ஏற்றுவோம். இல்லாவிட்டால் பின்சக்கரம் சும்மா சுற்றும், வால் இழுத்துப் பள்ளத்தில் விடும். எத்தனை லாரிக்கு நானே கல் போட்டிருக்கிறேன். வால் தூக்குதா, வாலுக்கு எடை வை. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த பாடம். பெங்களூர்க்காரருக்கு நம்ம ஊர் மேடு தெரியுமா என்று ஒரு எண்ணம் வேறு.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் அடிவாரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆயுத பூஜை முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. மூன்று வண்டியிலும் சந்தனமும் குங்குமமும் இருந்தன. நான் பிரேக் ஆயில் பார்க்கிறேன் என்று சொல்லிக் காரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினேன். அறுத்துப்போட்ட கிரானைட் துண்டுகள் அங்கே குவியலாகக் கிடந்தன. இரண்டு கையாலும் தூக்கும் அளவில் நாலைந்து எடுத்து, சத்தம் வராமல் சாக்கில் சுற்றி, டிக்கியில் கடைசியாகத் தள்ளி வைத்தேன். மூடியதும் மனசு இறங்கி நிம்மதியானது. இதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அத்தனை நாளில் முதல் முறையாக நிம்மதியாக ஒரு டீ குடித்தேன்.

பிறகு மச்சினனைத் தவிர நாங்கள் எல்லோரும் மேலே பாறைக்குப் போனோம். முதலில் மாந்தோப்பு அண்ணன் அடிவாரத்துக்கு இறங்கிப் போய்த் தன் காரை ஏற்றி வந்தார். சும்மா சொல்லக் கூடாது, பார்க்க அழகாக இருந்தது. நேர் ரோட்டில் கத்திக்கொண்டு வந்தார். கொண்டை ஊசிச் சேற்றில் பின்பக்கம் சறுக்கி, கார் குறுக்காக நின்று, எங்கள் மேலெல்லாம் வெள்ளைச் சேற்றை வாரி இறைத்து, அப்புறம் ஒரு உதறு உதறி நிமிர்ந்து ஏறியது.

"ஏல, காருக்கு முன்னால நாமதான் பெயின்ட் அடிச்சுக்கிட்டோம்" என்றார் எலக்ட்ரீஷியன், முகத்தைத் துடைத்துக்கொண்டே.

அழகாக இருந்ததே தவிர, குறுக்கே போன நேரமெல்லாம் வாட்சில் ஓடிவிட்டது. அடுத்து ஜீப். நேர் ரோட்டில் மாட்டுவண்டி மாதிரி வந்தது. ஆனால் கொண்டை ஊசியில் சேறு இருப்பதே அதற்குத் தெரியவில்லை. நாலு சக்கரமும் பிடித்துப் பிடித்து, சத்தம் மட்டும் போட்டுக்கொண்டு, படியில் ஏறுகிற ஆள் மாதிரி ஏறிப் போய்விட்டது. அண்ணனை விட இரண்டு விநாடி முன்னால்.

"நிறுத்தாதுன்னு சொன்னேனா?" என்று மேலிருந்து இறங்கி வந்தார் ஜீப்காரர்.

"இரப்பா, நம்ம பையன் இருக்கான்" என்றார் ஓனர். "நேத்து ஏறுனதே இதை விட ஆறு செகண்டு கம்மி."

மச்சினன் கிளம்பினான். நேர் ரோட்டில் வந்த வேகத்தைப் பார்த்து மாந்தோப்பு அண்ணனே "அடேயப்பா" என்றார். வலது வளைவு வந்தது. நான் பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தூக்கவில்லை. தரையோடு ஒட்டி உருண்டது. சபாஷ் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். பக்கத்தில் பெங்களூர் மெக்கானிக், "ஏன் இவ்வளவு வெளிய போறான்?" என்று முனகினார். அப்போதுதான் கவனித்தேன். ஸ்டேரிங் திரும்பியிருந்தது, வண்டி திரும்பவில்லை. காரின் மூக்கு சொன்னபடி கேட்காமல் வளைவின் வெளி ஓரத்துக்கே போய், பள்ளத்தின் விளிம்பைத் தொட்டு, மெல்லத்தான் உள்ளே வந்தது. அவன் வேகத்தைக் குறைத்திருந்தான். வேகம் இல்லாமல் கொண்டை ஊசிக்கு வந்தான்.

மேட்டில் ஏறும்போது எந்த வண்டியிலும் எடை பின்னால் சாயும். இதில் என் கல்லும் சேர்ந்து சாய்ந்தது. இழுக்க வேண்டிய முன்சக்கரம் இரண்டும் பாரம் இல்லாமல் சேற்றில் சுற்றின. எஞ்சின் கதறியது. வண்டி ஓர் அடி நகரவில்லை. அவன் ஸ்டேரிங்கை முழுக்க ஒடித்து மறுபக்கம் பிடி தேடினான். சுற்றிக்கொண்டிருந்த சக்கரம் சேற்றுக்கு அடியில் இருந்த பாறையில் சட்டென்று பிடித்தது. டக் என்று ஒரு சத்தம். முன்சக்கரத்துக்குப் போகிற ஆக்சிலின் ஜாயின்ட் உடைந்துவிட்டது. அதன் பிறகு எஞ்சின் கத்தினாலும் சக்கரத்துக்கு ஒன்றும் போகவில்லை. கார் பின்பக்கமாகச் சரிய ஆரம்பித்தது. பிரேக் பிடித்தும் சேற்றில் மெதுவாக வழுக்கியது.

"கல்லு வை! கல்லு வை!" என்று ஓனர் கத்தினார்.

அது குவாரி. எந்தப் பக்கம் திரும்பினாலும் கல். ஜீப்காரர் காலடியில் இருந்த கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடினார். எலக்ட்ரீஷியன் ஒன்றைத் தூக்கினார். நானும் ஓடினேன். நேராகக் காரின் பின்னால் போய், டிக்கியைத் திறந்து, சாக்கை உதறி, கிரானைட் துண்டை எடுத்துப் பின்சக்கரத்துக்கு அடியில் வைத்தேன். இன்னொன்றை எடுத்து மறு சக்கரத்துக்கு வைத்தேன். கார் நின்றது. நான் மூன்றாவது கல்லைக் கையில் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தேன். எல்லோரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் என்ன செய்தேன் என்பது அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது.

முதலில் பேசியது எலக்ட்ரீஷியன். "ஏ அண்ணாச்சி, குவாரிக்கே கல்லு கொண்டுட்டு வந்திருக்கீரே!"

மாந்தோப்பு அண்ணன் சிரித்தார். ஜீப்காரரும் சிரித்தார், அப்புறம் என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பெங்களூர் மெக்கானிக் சிரிக்கவில்லை. டிக்கிக்குள் குனிந்து, மிச்சமிருந்த கற்களைத் தூக்கிப் பார்த்து, "எத்தனை கிலோ இது?" என்று மட்டும் கேட்டார்.

"ஏனய்யா இது?" என்றார் ஓனர். அவர் திட்டியிருந்தால் தேவலை. "உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலீங்க. வால் தூக்குச்சுங்க. லாரிக்கு வைப்போம், அதான்…"

"இது லாரியா?"

மச்சினன் கதவைத் திறந்து இறங்கினான். என் கையிலிருந்த கல்லைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபத்தைத் தேடினேன், இல்லை. ஏதோ பாரத்தை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. "அப்ப நான் இல்லியா மாமா?" என்றான்.

"என்னடா?"

"முத வளைவுலயே தெரிஞ்சுது, பின்னால யாரோ உக்காந்து இழுக்கற மாதிரி. வண்டி நான் சொன்னத கேக்கல. பயந்துட்டேன்னு நெனச்சேன். எல்லாரும் பாக்கறாங்க, அதான்னு நெனச்சு ஆக்சிலேட்டர்லருந்து காலை எடுத்துட்டேன்."

ஆறு பேர் முன்னால் கல்லோடு நின்றதை விட இந்த வார்த்தைதான் என்னைக் கொன்றது. என்னுடைய பயத்தை நான் சாக்கில் சுற்றி அவன் வண்டியில் வைத்தேன். அவன் அதைத் தன் பயம் என்று நினைத்துக்கொண்டான்.

ஜீப்தான் அந்தக் காரைக் கயிறு கட்டி இழுத்து மேலே ஏற்றியது. இழுத்துப் போகும்போது ஜீப்காரர் தன் ஜீப்பைப் பற்றிப் பெருமை பேசவில்லை. அது அவருடைய நல்ல குணம்.

"இன்னொரு தரம் ஏறட்டும் சார், கல்லு இல்லாம" என்று பெங்களூர் மெக்கானிக்கே ஓனரிடம் கேட்டுப் பார்த்தார். "ஜாயின்ட் எங்க இருக்கு ஏற?" என்றார் ஓனர். அந்தச் சாமான் அப்போது பெங்களூரிலும் கிடைக்கவில்லை. எழுதிப் போட்டு வரவழைக்க வேண்டியிருந்தது. அது வந்து சேர்ந்தபோது ராலி முடிந்திருந்தது. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று ஓனர் சொன்னார். அடுத்த வருஷம் ஏற்றுமதிக் கல் தேங்கி அவருக்குக் கையைக் கடித்தது. காரை விற்றுவிட்டார். கதவு வெள்ளையாகவே போனது.

பிறகு பல பேரிடம் கேட்டு, பல வண்டியைப் பிரித்துப் பார்த்து இந்த விஷயத்தை நான் புரிந்துகொண்டேன். பின்சக்கரம் தள்ளுகிற வண்டிக்குப் பின்னால் பாரம் வேண்டும், அதன் வால் ஆடும், ஆட்டத்தை வைத்தே அதை ஓட்டலாம். முன்சக்கரம் இழுக்கிற வண்டியில் தலைதான் பாரம். தலையின் பாரத்தைக் குறைத்தால் அது யார் சொல்லும் கேட்காது. நாலு சக்கரமும் ஓடுகிற வண்டி எங்கும் ஏறும், அதற்கான கூடுதல் சாமான்களின் எடையைச் சுமந்துகொண்டு ஏறும். எது நல்லது என்று இப்போது யாராவது கேட்டால், எந்த ரோடு, யார் ஓட்டுகிறார்கள் என்று திருப்பிக் கேட்பேன். அதைத் தெரிந்துகொள்ளாமல் வண்டியைத் தொட மாட்டேன். என் ஷெட்டுக்கு வருகிற வண்டியில் டிக்கியைத் திறக்கச் சொன்னால் இன்றைக்கும் வேலைக்காரப் பையனைத்தான் திறக்கச் சொல்கிறேன்.

பில் வந்தது. ஜாயின்ட், ஆக்சில், கருகிப்போன கிளட்ச் எல்லாம் சேர்த்து ஏழாயிரத்து ஐந்நூறு. "பாதி என்னது, பாதி உன்னது" என்றார் ஓனர். நியாயமான ஆள். என்னிடம் இல்லை. ஷெட் வாடகையே பாக்கி. தவணை கேட்கலாம் என்று குவாரிக்குப் போனபோது கணக்குப்பிள்ளை, "உன் பங்கை உன் மச்சினன் ஏத்துக்கிட்டானே, சம்பளத்துல பிடிச்சுக்கச் சொல்லிட்டான்" என்றார். கதவில் பெயர் எழுதிய காரை ஓட்ட வேண்டியவன், மாற்று டிரைவராக இருந்தவன், நிரந்தரமாக டிப்பரில் ஏறி இரவு லோடும் பகல் லோடும் அடித்து என் கல்லுக்குக் காசு கட்டினான்.

அவனிடம் சண்டை போட்டேன். "என்னைக் கேக்காம ஏண்டா ஒத்துக்கிட்ட?"

"அக்காவுக்குத் தெரிய வேணாம்னுதான். நீ பணத்துக்கு அலைஞ்சா அவளுக்குத் தெரிஞ்சுடும். விஷயம் தெரிஞ்சா உன்னை வாழ்நாள் பூரா சொல்லிக் காட்டுவா."

அவளுக்குப் பந்தயம் நடந்த அன்றைக்கு ராத்திரியே தெரிந்துவிட்டது. எலக்ட்ரீஷியன் வாய் சும்மா இருக்குமா? அவள் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. தம்பி முழுசாகத் திரும்பி வந்தான் அல்லவா, அவள் கேட்டது அதுதான். அதனால் அவளிடம் திட்டு வாங்குகிற நிம்மதியும் எனக்குக் கிடைக்கவில்லை.

அவனுக்குச் சின்னச் சின்னதாகத் திருப்பிக் கொடுத்தேன். தீபாவளிக்கு இருநூறு, அவன் பெண்டாட்டி பிரசவத்துக்கு ஐந்நூறு, இப்படி. முதலில் வாங்கிக்கொண்டான். ஒரு கட்டத்துக்கு மேல் வாங்க மாட்டேன் என்றான். மொத்தமாக எடுத்துக்கொண்டு போனபோதும் கையை மடக்கிக்கொண்டான்.

"இருக்கட்டும் மாமா. நீ குடுத்து முடிச்சிட்டா அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு என் வீட்டுக்கு வருவ? பாக்கி இருக்கறதாலதான் அடிக்கடி வர."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். மன்னித்துவிட்டதால் வாங்கவில்லையா, மன்னிக்காததால் வாங்கவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயம். அவன் லாரி ஓட்டிக்கொண்டிருக்கிறான், நன்றாகவே ஓட்டுகிறான். வளைவுக்கு முன்னால் கொஞ்சம் அதிகமாகவே வேகத்தைக் குறைக்கிறான். கூடப் போகிற ஒவ்வொரு முறையும் நான் அதைப் பார்த்துவிட்டு, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அவன் கட்டியது மூவாயிரத்து எழுநூற்று ஐம்பது. என்னிடம் வாங்கிக்கொண்டது இரண்டாயிரத்து நானூறு. இன்னும் தர வேண்டியது ஆயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய்.